தெலுக் பங்லிமா காராங்கிலிருந்து வந்தவர்

நான் மயங்கி விழுந்தது ஒரே ஒரு முறைதான். பிரிக்ஃபீல்ட்ஸில் எங்கள் வீட்டுச் சமையலறையில் குழாயை மூடக் கை நீட்டினேன். அடுத்து நினைவிருப்பது கணவரின் முகம். கால் மணி நேரத்தில் ஆஸ்பத்திரியில் இருந்தேன். இதயம் மிக மெதுவாகத் துடிக்கிறது என்றார்கள். அந்த வாரமே இடது தோளுக்குக் கீழே பேஸ்மேக்கர் வைத்துவிட்டார்கள்.

அடுத்த கட்டிலில் இருந்த பெண்ணுக்கும் அதே நாளில் அதே கருவி. என்னைவிட நான்கைந்து வயது இளையவர். கிள்ளானுக்கு அப்பால், தெலுக் பங்லிமா காராங்கில் ஒரு தொழிற்சாலையில் பெட்டி ஒட்டும் வேலை. எத்தனை தடவை விழுந்தீர்கள் என்று பேச்சுவாக்கில் கேட்டேன்.

“கணக்கு வைக்கல கா. ரெண்டு வருசமா விழுந்துக்கிட்டுதான் இருக்கேன்.”

பக்கத்து கிளினிக்கில் ரத்தம் குறைவு என்று மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். பிறகு கிள்ளான் பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்தார்கள். லீவு கிடைத்துப் போன அன்று இதயம் ஒழுங்காகத் துடித்ததாம், திருப்பி அனுப்பிவிட்டார்கள். கடைசியில் வேலையிடத்தில் மெஷின் பக்கத்தில் விழுந்த பிறகுதான் ஆம்புலன்ஸ், கிள்ளான், அங்கிருந்து இங்கே. இதையெல்லாம் அவர் குறையாகச் சொல்லவில்லை. கட்டில் கிடைக்கத் தாமதம் என்று நர்சிடம் முணுமுணுத்திருந்த எனக்குத்தான் வெட்கமாக இருந்தது.

மறுநாள் காலை சீப்பை மடியில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தார். இடுப்பு வரை முடி. இடது கையைத் தோளுக்கு மேலே தூக்கக்கூடாது என்று எங்கள் இருவருக்குமே உத்தரவு. அவரைத் தாழ்வான ஸ்டூலில் உட்காரச் சொல்லி, நான் கட்டிலில் இருந்தபடி மெதுவாக வாரிவிட்டேன். காதுக்குப் பின்னால் விரலில் ஒரு தழும்பு தட்டுப்பட்டது.

“இது பாத்ரூம்ல விழுந்தது” என்றார்.

உச்சிக்குக் கீழே இன்னொன்று.

“அது பஸ் ஸ்டாப்ல.”

பிடரிக்கு மேலே இருந்தது பாசாரில், காய்கறிச் சந்தையில், விழுந்தது. முடியை மூன்றாகப் பிரித்துப் பின்னத் தொடங்கினேன். என் கை பாதியில் நின்றுவிட்டதை உணர்ந்தாரோ என்னவோ, திரும்பாமலே கேட்டார்.

“உங்களுக்கு ஒரே தடவதானா கா?”

“ஆமா.”

“நல்லதாப் போச்சு லா.”

அவர் குரலில் நிஜமான சந்தோஷம் இருந்தது. பின்னலை முடித்து நுனியில் ரப்பர் போட்டேன்.

வீட்டுக்குப் போகும்போது, கருவியைச் சோதிக்கும் நாளை இருவருக்கும் ஒன்றாகக் கொடுக்கும்படி கவுன்டரில் கெஞ்சிக் கேட்டு வாங்கினேன். இப்போது ஒவ்வொரு முறையும் சோதனை முடிந்ததும் எங்கள் வீட்டில்தான் அவருக்குச் சாப்பாடு. கருவி வைத்த பிறகு அவர் விழவே இல்லை. ஆனாலும் முதல் சில முறை மகளின் கையைப் பிடித்துக்கொண்டேதான் வந்தார்.

போன முறை கிள்ளானில் ரயிலேறி, கே.எல். சென்ட்ரலில் தனியாக இறங்கி வந்தார். மகள் எங்கே என்று கேட்டேன்.

“வேலைக்குப் போவச் சொல்லிட்டேன் கா” என்றார்.