ஓசியில் வாழ்பவரின் படம்

லிங்கி தோட்டத்து வீட்டில் உட்கார்ந்தபடி ஃபெலிசியா கோலாலம்பூர் பத்திரிகைகளுக்குப் படம் வரைகிறாள். அவளுக்கு முதலாளி கிடையாது. படம் கேட்கிற ஆசிரியர்கள் எல்லோருமே முதலாளிகள். வரைந்ததை அனுப்ப உதவுவது பக்கத்து வீட்டு எட்மண்ட் சும்மா தரும் வைஃபை.

முகங்களையும் அவள் அக்கம்பக்கத்தில்தான் இரவல் வாங்குவாள். ஒரு வாரம், ஓசியில் வாழ்பவர்களைப் பற்றிய கட்டுரைக்குப் படம் கேட்டார்கள். அவசரத்தில் அவள் கை எட்மண்டையே வரைந்துவிட்டது, அடுத்தவர் தட்டிலிருந்து கோழிக்காலை எடுக்கிறவராக.

ஞாயிறு பூசை முடிந்ததும் எட்மண்ட் பத்திரிகையோடு வந்து நின்றார். வைஃபை போச்சு என்று ஃபெலிசியா முடிவுகட்டினாள்.

“இது நான்தானே?”

“சாரி அங்கிள்...”

“எதுக்கு சாரி? சர்ச்சுல எல்லாரும் பாத்துட்டாங்க லா. பேப்பர்ல வந்துட்டீங்கன்னு ஃபாதரே கை குடுத்தாரு!”

“கட்டுரையப் படிச்சீங்களா?”

“அவ்ளோ நீளத்த யாரு படிப்பா? அடுத்த தடவ ஆன்ட்டியையும் சேத்துப் போடு. மூஞ்சியத் தூக்கி வெச்சிருக்கா.”

தங்களை யாரும் படிப்பதில்லை என்று எழுதுகிறவர்கள் குறைபடுவதுண்டு. ஃபெலிசியாவோ அந்தக் கட்டுரையாளருக்கு மனதார நன்றி சொல்லிவிட்டு, அடுத்த படத்தை எட்மண்டின் வைஃபையிலேயே அனுப்பினாள்.