பதிமூன்று பிள்ளைகளும் மீனுவும்

மராத்தி பேசும் ஆகுர்டியில் வைஜயந்தியின் வீட்டு ஹாலில் அந்த மே மாதம் பதிமூன்று பிள்ளைகள் கணக்குப் போட்டார்கள். லீவில் எல்லாவற்றையும் மறந்துவிடுகிறார்கள் என்று மேல்வீட்டு ஷீலா புலம்பியபோது, "அனுப்புங்க, நான் பாத்துக்கறேன்" என்று வைஜயந்திதான் முன்வந்தாள். கணிதத்தில் பி.எஸ்ஸி. படித்தவள். கும்பகோணத்திலிருந்து வந்து பதினோரு வருஷமாக அந்தக் கட்டடத்தில் அவளை யாரும் பெரிதாகக் கவனித்ததில்லை. ஒரே வாரத்தில் எல்லாரும் 'டீச்சர்' என்றார்கள். அது அவளுக்குப் பிடித்திருந்தது.

பாய் விரிப்பதும், தண்ணீர் கொடுப்பதும் அவள் மகள் மீனுவின் வேலை. ஒன்பது வயது. அவள் நோட்டோடு வந்து நின்றால், "நீ ஆத்துப் பொண்ணுதானேடி, அப்பறம் சொல்லித் தரேன்" என்பாள் வைஜயந்தி. பன்னிரண்டு மணிக்குப் பிள்ளைகள் போனதும் சமையல், பிறகு வெயில் அசதி. அந்த 'அப்பறம்' வரவே இல்லை.

ஜூனில் பள்ளி திறந்ததும் பழைய பாடத்தில் ஒரு டெஸ்ட் வைத்தார்கள். பெற்றோர் கூட்டத்தில் ஷீலா எல்லார் முன்னாலும் வைஜயந்தியின் கையைப் பிடித்துக்கொண்டாள். மீனுவின் வகுப்பிலேயே படிக்கும் அவள் மகனுக்கு இருபதுக்குப் பதினெட்டு. "எல்லாம் இவங்களாலதான், மேடம்!"

வகுப்பாசிரியை மீனுவின் தாளை எடுத்து நீட்டினாள். ஐந்து. வகுத்தல் கணக்குகளில் பாதி வெறுமையாக இருந்தன.

"லீவுல இவளை வீட்ல யாரும் கவனிக்கலையா?"

ஷீலாவின் பிடி தளர்ந்தது. வைஜயந்திக்குக் காது மடல் சுட்டது. "இவளுக்குக் கொஞ்சம் விளையாட்டுப் புத்தி" என்று சொல்லிவிட்டாள். பக்கத்தில் நின்ற மீனு தலையைக் குனிந்துகொண்டாள்.

திரும்பும்போது ஆட்டோவில் வைஜயந்தி கேட்டாள்: "தெரியலேன்னு எங்கிட்ட சொல்லப்படாதாடி?"

"சொன்னேனேம்மா. ரோஜ், எல்லா நாளும் யாராவது எனக்கு முன்னாடி நின்னுண்டே இருந்தா. என் நம்பர் வரவே இல்ல."

குழந்தை குற்றம் சாட்டவில்லை. நடந்ததைச் சொன்னாள், அவ்வளவுதான். அடுத்த சிக்னலில் வைஜயந்தி ஆட்டோவைப் பள்ளிக்கே திருப்பச் சொன்னாள்.

வகுப்பில் இன்னும் நாலைந்து பெற்றோர் வரிசையில் நின்றார்கள். அவர்கள் காதுபடவே சொன்னாள்: "மேடம், நான் சொன்னது பொய். இவ விளையாடிண்டு இருக்கல. ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் சொல்லிக் கொடுத்தேன், இவளுக்குக் கொடுக்கல."

"சரி, இன்னிக்கே ஆரம்பிங்க" என்றாள் ஆசிரியை.

அன்று முதல் மாலை ஆறிலிருந்து ஏழு வரை மீனுவுக்கு மட்டும்; யார் தட்டினாலும் வைஜயந்தி கதவைத் திறப்பதில்லை. அரைப்பரீட்சையில் மீனு இருபதுக்குப் பதினாலு வாங்கினாள். மதிப்பெண் ஏறியும், மகள் தலைகுனிந்து நின்ற அந்த நிமிஷம் வைஜயந்தியை விடவில்லை. இரண்டு முறை மன்னிப்புக் கேட்க வாயெடுத்தாள். இரண்டு முறையும் மீனு, "ஏழு மணி ஆயிடும்மா, அடுத்த கணக்கு குடு" என்றாள்.