இலவம்பூவுக்கு வந்தவர்கள்

புயல் எங்கள் தெருவையே மொட்டை அடித்துவிட்டுப் போன பிறகும், எங்கள் கம்பெனி குவார்ட்டர்ஸுக்குப் பின்னால் இருந்த இலவமரம் மட்டும் விழாமல் நின்றது. தை பிறந்தால் இலையெல்லாம் உதிர்த்துவிட்டு வெறுங்கிளையில் கொத்துக்கொத்தாகப் பூக்கும். விளக்கு வைக்கும் நேரத்தில்தான் பூ விரியும். விரிந்ததுதான் தாமதம், வௌவால்கள் வந்துவிடும். பூவுக்குள் மூக்கை நுழைத்துத் தேனை நக்கி, முகமெல்லாம் மகரந்தத்தோடு அடுத்த கொத்துக்குத் தாவும். மிச்சம் மீதி விடிந்ததும் அணிலுக்கும் மைனாவுக்கும்.

என் மனைவி படுக்கையில் விழுந்து அப்போது இரண்டாவது வருஷம். இனி மாத்திரை வலிக்குத்தான் என்று டாக்டர் கைவிரித்துவிட்டார். ஆரம்பத்தில் ஹார்லிக்ஸ் பாட்டிலும் ஆரஞ்சுமாக வந்த சொந்தக்காரர்கள் மெல்லக் குறைந்து, பிறகு போனோடு நிறுத்திக்கொண்டார்கள். கட்டிலை ஜன்னலோரம் போடச் சொன்னாள். பொழுது சாய்ந்தால், "வந்துட்டாங்க பாருங்க, உங்க நைட் ஷிப்ட் ஆளுங்க" என்பாள். அவள் சிரித்தது அந்த ஒரு நேரத்தில்தான். அதைப் பார்த்தும் நான் மண்டையில் ஏற்றிக்கொள்ளவில்லை.

எனக்கு அந்தப் பூவின் வாடையே ஆகாது. புளித்த பால் நாற்றம். சுவரெல்லாம் எச்சம். ஒருநாள் வேலைக்குப் போட எடுத்த சட்டையில் கறையைப் பார்த்ததும் கோபம் தலைக்கேறியது. நேரே பராமரிப்பு ஆபீஸுக்குப் போய்ப் புகார் நோட்டில், 'வௌவால் தொல்லை, வீட்டில் நோயாளி, கிளைகளை வெட்டவும்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். சமையலறைக் குழாய் ஒழுகுகிறது என்று மூன்று தடவை எழுதியும் ஒருவரும் எட்டிப் பார்த்ததில்லை. இதற்கு மட்டும் யார் வரப்போகிறார்கள் என்ற தைரியம். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு.

நோயாளி என்ற சொல்லைப் பார்த்தார்களோ என்னவோ, மறுநாள் நான் முதல் ஷிப்ட் முடிந்து வருவதற்குள் ஆட்கள் வந்து வேலையை முடித்துவிட்டார்கள். அடிமரம் மட்டும் நின்றது. கீழே மொட்டும் பூவுமாகக் கிளைகள் கிடந்தன. அவளுக்குத் துணையிருந்த பக்கத்து வீட்டு அம்மா, "நீங்கதான் எழுதிக் குடுத்தீங்களாமே" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். அவளும் கேட்டுக்கொண்டுதான் படுத்திருந்தாள்.

சாயங்காலம் ஜன்னலைச் சாத்தப் போனேன்.

"தொறந்தே இருக்கட்டுங்க" என்றாள்.

இருட்டத் தொடங்கியதும் அவை வந்தன. கிளை இருந்த இடத்தைச் சுற்றிச் சுற்றிப் பறந்தன. தொங்க இடமில்லாமல் ஒவ்வொன்றாகத் திரும்பிப் போயின. அவள் கடைசி வௌவால் போகும்வரை பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சட்டையெல்லாம் கறையாப் போச்சி, அதான்..." என்று இழுத்தேன்.

கோபப்பட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். "என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாங்க. என்னப் பாக்க வந்துகினு இருந்தது அதுங்க மட்டுந்தான்" என்றாள்.

மாசி முடிவதற்குள் அவள் போய்விட்டாள். துக்கம் கேட்க வீடு நிறைய ஆள் வந்தார்கள்.