இங்கிலீஷ் கேட்காத காது

ஓக்லஹோமாவில் நாங்கள் குடியிருக்கும் சிற்றூரில், துணி துவைக்கப் பொது இயந்திரக் கடைக்குத்தான் போக வேண்டும். அங்கே ஒரு சனிக்கிழமை, பக்கத்து வீட்டு ரோஸின் மகள் ஆங்கிலத்தில் தண்ணீர் கேட்டுக்கொண்டே இருந்தாள். ரோஸ் திரும்பவே இல்லை. காது மந்தம் போலிருக்கிறது என்று நினைத்து அருகில் போய், "குழந்தை கூப்பிடுது" என்று உரக்கச் சொன்னேன். "கத்தாதீங்க. காது நல்லாத்தான் இருக்கு. இவ இங்கிலீஷ் பேசினா மட்டும் கேக்காது" என்று ஆங்கிலத்திலேயே சொன்னாள். சிறுமி முனகிக்கொண்டே வேறொரு மொழியில் ஏதோ சொன்னாள். தண்ணீர் பாட்டில் உடனே கைக்கு வந்தது.

அது கிக்கப்பூ என்ற அமெரிக்கப் பூர்வகுடியினரின் மொழி. எது நடந்தது எந்த ஆண்டு என்று தேடிப் பார்க்காமல் விட முடியாத எனக்கு அன்றே நூலகத்தில் வேலை வந்துவிட்டது. கிக்கப்பூ மக்கள் 1819இல் இலினாய் நிலத்தை ஓர் ஒப்பந்தத்தில் இழந்து மேற்கே தள்ளப்பட்டவர்கள்; ஒரு பிரிவினர் மெக்சிகோ வரை போனார்கள். மொழி கூடவே போயிற்று. அந்த ஒப்பந்தத்துக்கு ஆறு ஆண்டுகள் கழித்து, எங்கள் ஊரான பழவேற்காட்டை டச்சுக்காரர்கள் ஆங்கிலேயரிடம் கொடுத்துவிட்டுப் போனார்கள். இரண்டு நூற்றாண்டு இருந்தவர்கள். கல்லறைகளில் அவர்கள் எழுத்து இன்றும் ஆழமாக, அழகாக நிற்கிறது. ஊரில் அந்த மொழியைப் பேச ஒருவரும் இல்லை. ரோஸிடம் சில சொற்களை எழுதிக்கொள்ளலாமா என்று கேட்டேன். "வேண்டாம். பேச ஆளிருக்கு" என்றாள்.

என் மகளுக்கு ஐந்து வயது. உயிரெழுத்து பன்னிரண்டையும் அழகாக எழுதுவாள். ஆனால் மீன்பிடித்துவிட்டு ஏரியிலிருந்து கரையேறியதும் நைனா, என் அப்பா, போனில் முகம் காட்டிப் பேசினால், அவள் என் முகத்தைப் பார்ப்பாள். நடுவில் உட்கார்ந்து இரண்டு பக்கமும் நான்தான் மொழிபெயர்ப்பேன். நைனாவுக்கு வயதாகிறது. இப்படியே விட்டால் பேத்தியோடு நேராக ஒரு வார்த்தை பேசாமலே போய்விடுவார். இனி மொழிபெயர்ப்பதில்லை என்று முடிவெடுத்தேன். ஊரில் இருப்பவர்களுக்கு இது வீம்பாகத் தோன்றலாம். வெளியே வந்தவர்களுக்குப் புரியும்.

அடுத்த ஞாயிறு மாலை போன் வந்தது. "இன்னா பாப்பா, துன்னியா?" மகள் என்னைப் பார்த்தாள். நான் வாய் திறக்கவில்லை.

"இன்னாடா, வாய்ல கொழுக்கட்டையா?" என்றார் நைனா.

"அவளையே கேளு நைனா. நான் சொல்லமாட்டேன்."

அவள் ஆங்கிலத்தில் கெஞ்சினாள், அழுதாள். மனைவி சமையலறையிலிருந்து முறைத்தாள். நான் அசையவில்லை. நைனா கூடையிலிருந்து உயிர் நண்டு ஒன்றைத் தூக்கித் திரைக்கு அருகே காட்டி, "இத்த துன்னியா?" என்றார்.

மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "துன்னல" என்றாள் மகள்.

இப்போதெல்லாம் போனை அவள் கையில் கொடுத்துவிட்டு வாசல்படியில் வந்து உட்காருகிறேன். முகத்தில் ஓக்லஹோமாவின் அந்தி வெயில். முதுகுக்குப் பின்னால் பழவேற்காட்டின் காலைக் காற்று போனில் இரைகிறது. உள்ளே மகளும் நைனாவும் தமிழில் அரைகுறையாகச் சண்டை போடுகிறார்கள். என்னை யாரும் கூப்பிடவில்லை. அங்கிருந்து எழுந்து போகவும் மனமில்லை.