கிளம்ப மறுத்த மெஷின்

இந்தப் பெரஹரா ஊர்வல சீசனில் ஒருநாள், பிற்பகல் மூன்று மணிக்கு எங்கள் லேப்பில் கரண்ட் போனது. கண்டி டவுனுக்குள் பாதைகளை அடைத்துவிட்ட நேரம். ஒரு வாகனம் வராது, போகாது. பத்து நிமிடத்தில் கரண்ட் வந்துவிட்டது. கம்ப்யூட்டர்தான் வரவில்லை!

நான் ஒரு இரத்தப் பரிசோதனை நிலையத்தின் மேனேஜர் என்பது உங்களில் பலருக்குத் தெரியும். எங்கள் ரிப்போர்ட் சொஃப்ட்வெயார் கிழடு. புதிய கம்ப்யூட்டரில் ஓடாது. அதனால் புதியதற்குள்ளேயே ஒரு பழைய கம்ப்யூட்டர் இருப்பதுபோல் பாவனை செய்து ஓட்டுகிறோம். வர்ச்சுவல் மெஷின் என்பார்கள். பாவனைதான்... ஆனால் அதைக் கிளப்புவது இருக்கிறதே!

எவ்வளவு மெமரி, எந்த டிஸ்க், எந்த நெட்வர்க் – எல்லாவற்றையும் ஒரே நீண்ட வரியாக டைப் செய்ய வேண்டும். அந்த வரியைக் கலண்டர் தாளின் பின்பக்கம் எழுதிச் சுவரில் ஒட்டியிருந்தோம். ஏதாவது பிழையானால்? பிழை என்று சொல்லாது. தன் இஷ்டத்துக்கு எதையோ எடுத்துக்கொண்டு ஓடும். நாமும் ஓடுகிறதே என்று சந்தோஷப்படுவோம்.

இதை மாற்றியவர் எங்கள் கம்ப்யூட்டர் வேலைகளைப் பார்க்கும் ஷமீலா. ஊர் அக்குறணை; அங்கே 'இருக்கு' என்பது 'ஈக்கு'. முதல் வாரம் கீபோர்டையே தொடவில்லை. சுவருக்கு முன்னால் நின்று, "இது ஏன் ஈக்கு?" என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். பாதி ஏன் என்று எங்களுக்கே தெரியாது. யாரோ எழுதினார்கள், நாங்கள் பார்த்து எழுதினோம். தேவையில்லாததை வெட்டினார். மிஞ்சியதை ஒரு ஃபைலில் வரிக்கு ஒன்றாக, எது எதற்கு என்ற குறிப்போடு எழுதினார். இனி மெஷின் கிளம்புமுன் அந்த ஃபைலை முழுக்கச் சரிபார்க்கும். ஒன்று பிசகினாலும், எந்த வரி என்று சொல்லிவிட்டு நின்றுவிடும். சுவர்த் தாளையும் கிழித்துப் போட்டார்.

கிளம்பாமல் நிற்பது என்ன முன்னேற்றம் என்று கேட்டேன். சிரித்தாரே தவிர எதையும் மாற்றவில்லை.

அன்று அப்படித்தான் நின்றது. கவுண்டரில் திகனயிலிருந்து வந்த ஒருவர் காத்திருந்தார். மனைவிக்கு மறுநாள் காலை ஒப்பரேஷன். இரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுப்பவர் என்பதால், கடைசி மூன்று ரிப்போர்ட்டையும் டொக்டர் கேட்டிருக்கிறார். பொலிஸ் தடுப்புவரை பஸ்ஸில் வந்து, மிச்சத்தை நடந்திருக்கிறார் மனிதர். சட்டையெல்லாம் வேர்வை.

"ஒன்பதாவது வரியில சொன்ன டிஸ்க்க காணோம்னு நிக்குது சேர்" என்றார் ரிசெப்ஷன் செல்வி.

எனக்கு வந்ததே கோபம்! ஷமீலாவுக்குப் போன் போட்டு வாய்க்கு வந்தபடி கத்தினேன். கட்டுகஸ்தோட்டையில் பஸ்ஸுக்குள் மாட்டிக்கொண்டிருந்தவர், நான் மூச்சு வாங்கியதும் சொன்னார்:

"அது சரியாத்தான் சொல்லுது சேர். ரிப்போர்ட் ஈக்கிற வெளி டிஸ்க்குட கேபிள் கழண்டு ஈக்கும், பாருங்க."

செல்வி மேசைக்கடியில் குனிந்தார். கழன்றுதான் இருந்தது. கரண்ட் இல்லாத நேரத்தில் கூட்டியபோது தும்புத்தடி பட்டிருக்க வேண்டும். செருகியதும் மெஷின் கிளம்பியது. மூன்று ரிப்போர்ட்டும் அச்சாகின. திகனயிலிருந்து வந்தவர் அவற்றை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு திரும்பவும் நடந்தார்.

மறுநாள் ஷமீலாவிடம் கேட்டேன் – பழைய முறையாக இருந்தால் என்ன நடந்திருக்கும்?

"கிளம்பியிருக்கும் சேர். அந்த டிஸ்க் இல்லாட்டி கம்ப்யூட்டருக்கு உள்ளுக்கு ஈக்கிற, ரிப்போர்ட்டுகள்ட பழைய கொப்பிய எடுத்துக்கும். ஆறு மாசத்துக்கு முந்தின ரிப்போர்ட்ட கடைசி ரிப்போர்ட்னு குடுத்திருப்பம்."

அதைப் பார்த்து டொக்டர் மருந்தின் அளவை முடிவு செய்திருந்தால்? அந்த மனுசியின் முகத்தைக்கூட நான் பார்த்ததில்லை. கத்தியதற்காக அங்கேயே மன்னிப்புக் கேட்டேன். ஷமீலாவோ, கேபிளை இறுக்கிக் கட்ட ஒரு கிளிப் வாங்கித் தரும்படி கேட்டார். அவ்வளவுதான்.

தெரியாததைத் தெரியாது என்று சொல்லி நிற்க, ஒரு மெஷினைப் பழக்கிவிட்டார் இந்தப் பெண். அடுத்து மேனேஜர்தான் பாக்கி!