தவக்காலத்தில் நான் ஒறுத்த குளிசை

சகோதரங்களே, களைத்துப்போய்த்தான் இந்தச் சாட்சியைச் சொல்கிறேன். கைதட்டிக் கேட்கிற சாட்சி இல்லை இது. நாங்கள் கீரி என்கிற கடற்கரை ஊரில் இருக்கிறோம். கணவர் கடலுக்குப் போகிறவர். ஒரே ஒரு மகள்.

கடைசி யுத்தத்தில் இடம்பெயர்ந்து வன்னிக்குள் கிடந்தபோது எனக்குப் பதினைந்து வயது. அம்மாவையும் தம்பியையும் பங்கருக்குள், பதுங்கு குழிக்குள், விட்டுவிட்டுத் தண்ணீர் எடுக்கப் போனேன். திரும்பி வரும்போது ஷெல் விழுந்தது. இரண்டு பேரும் இல்லை. என் இடுப்பில் ஏறிய துண்டு இன்னும் உள்ளேதான் இருக்கிறது.

அந்த வலிக்குத்தான் குளிசை போடத் தொடங்கினேன். வலி அடங்கியது. அதோடு பங்கரும் கொஞ்ச நேரம் கண்ணை விட்டுப் போனது. பிறகு அதற்காகவே போட்டேன். ஆஸ்பத்திரியில் தராதபோது கள்ளமாக வாங்கினேன். ஒருநாள் அடுப்பை எரியவிட்டு மயங்கிக் கிடந்தேன். பிள்ளையின் காலில் நெருப்புச் சுட்டுவிட்டது. மாமி, கணவரின் அம்மா, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓலைத்தொடுவாயில் உள்ள தன் வீட்டுக்குப் போய்விட்டார்.

“நீ முதல்ல எழும்பி நில்லு பிள்ளை. பிறகு தாறன்,” என்றார். அவரில் பிழை சொல்ல மாட்டேன்.

அன்றிலிருந்து என் செபம் ஒன்றே ஒன்றுதான். ஆண்டவரே, என் பிள்ளையை வீட்டுக்குக் கொண்டு வாரும்.

அந்தப் பழக்கத்தை விடுவதற்குக் கிளினிக்குக்குப் போனேன். அங்கே வேறு குளிசை தந்தார்கள், நாக்கின் கீழ் வைத்துக் கரைய விடுவது. பழைய குளிசைக்கான தவிப்பு குறைந்தது. மனதில் உள்ளதைக் கதைக்க வைத்து உளவளத்துணை செய்கிற அருட்சகோதரி ஒருவரிடமும் போகச் சொன்னார்கள். நான் போகவில்லை. பங்கரைப் பற்றி ஆரோடு என்ன கதைப்பது?

அப்போது தவக்காலம் வந்தது. ஊரில் எல்லோரும் இறைச்சி, இனிப்பு என்று ஏதாவது ஒன்றை விட்டு ஒறுத்தார்கள். நான் ஒருவருக்கும் சொல்லாமல் கிளினிக்கில் தந்த குளிசையை ஒறுத்தேன். இதைப் பார்த்தாவது ஆண்டவர் பிள்ளையைக் கெதியாகத் தருவார் என்று நினைத்தேன். என் புத்தி அவ்வளவுதான்.

சில நாளிலேயே வாந்தி, நடுக்கம். கண்ணை மூடினால் பங்கர். கோவிலில் சிலுவைப்பாதைக்கென்று வெளிக்கிட்டவள் பழைய குளிசையை வாங்கி, பழைய அளவிலேயே போட்டேன். இடையில் பழக்கம் விட்டுப்போன உடம்பு அதைத் தாங்கவில்லை. கணவர் என்னைக் குசினியில் கண்டபோது உதடு நீலமாம், மூச்சே இல்லையாம். ஆஸ்பத்திரிக்கு எப்படித்தான் தூக்கிக்கொண்டு ஓடினாரோ.

கண் விழிக்கும்போது, கிளினிக்கில் போகச் சொன்ன அந்த அருட்சகோதரி பக்கத்துக் கதிரையில் இருந்தார்.

“குளிசையை ஏன் விட்டனீங்கள்?”

“ஒறுத்தல், சிஸ்டர்.”

அவர் சிரிக்கவும் இல்லை, ஏசவும் இல்லை. “வருத்தக்காரரிட்ட ஆண்டவர் மருந்தை ஒறுக்கச் சொல்லிக் கேக்கேல்லை. குளிசையைப் போட்டுக்கொண்டு என்னட்ட வந்து இருங்கோ. கதைக்காட்டியும் பரவாயில்லை.”

போனேன். பல கிழமைகள் சும்மா சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒருநாள், தம்பி தண்ணீர் கேட்டு அழுததைச் சொன்னேன். அவனுக்காகத்தான் பங்கரை விட்டு வெளியே போனேன் என்றும் சொன்னேன். கணவருக்குக்கூடச் சொல்லாதது அது. சொல்லி முடிய உடம்பெல்லாம் அலுப்பு. வீட்டுக்கு வந்து நித்திரையாகிப் போனேன்.

கனவு இன்னும் வரும். இடுப்பு இன்னும் நோகும். ஆனால் அடுப்படியில் விழிப்பாக நிற்கிறேன். மாமி அடிக்கடி வந்து என்னைப் பார்த்துவிட்டுப் போனார். போன மாதம் மகளின் உடுப்புப் பையோடு வந்தார்.

“இந்தா, பிடி உன்ர பிள்ளையை.”

எனக்கு அழக்கூடத் தெம்பில்லை. பிள்ளைக்குச் சோறு போட்டேன். ஆண்டவருக்குத் தோத்திரம்.

உங்கள் வீட்டிலும் என்னைப் போல ஒருவர் இருந்தால், விசுவாசம் காணாது என்று சொல்லாதேயுங்கள். மருந்தை நிறுத்தச் சொல்லாதேயுங்கள். கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போங்கள், மனதில் உள்ளதைக் கதைக்க விடுங்கள். போகிற வழியில் செபமாலை சொல்லுங்கள். ஆண்டவர் என் பிள்ளையை அந்த வழியால்தான் அனுப்பினார்.

காலையில் குளிசையை நாக்கின் கீழ் வைத்தால், கரையும் வரை எனக்குக் கதைக்க ஏலாது. அதனால் எங்கள் வீட்டில் காலைச் செபத்தை இப்போது மகள்தான் சொல்கிறாள். நான் அவளுக்குப் பக்கத்தில் முழந்தாளில் இருக்கிறேன்.