கூடுதலாக ஓர் அரைச் சுற்று

மாசாயில் எனக்கு அடுத்த வீட்டுக்காரர் வீரமுத்து. பாசிர் கூடாங்கில் ஒரு தொழிற்சாலையில் முப்பது வருடம் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். அவருடைய பழைய மோரிஸ் மைனர் காருக்கு அடியில் எப்போதும் ஒரு பிஸ்கட் டின் மூடி கிடக்கும். எஞ்சின் ஆயில் அதில் சொட்டிக்கொண்டே இருக்கும். குறைந்த ஆயிலை ஊற்றி நிரப்புவாரே தவிர, கசிவை அடைக்க மாட்டார்.

காரணம் தெருவுக்கே தெரியும். எஞ்சினின் அடித்தொட்டிக்கு, ஆயில் கசியாமல் அடைக்கும் கார்க் பட்டையான கேஸ்கெட்டைப் போட்டது அவருடைய ஒரே மகன் ஜீவன். போட்ட ஞாயிறுக்கு அடுத்த வெள்ளிக்கிழமை, சிங்கப்பூர் வேலைக்கு மோட்டார் சைக்கிளில் போனவன் திரும்பவில்லை. இருபத்தாறு வயது.

"என் புள்ள கடைசியா கை வெச்சது. சொட்டினா சொட்டிட்டுப் போவட்டும்" என்பார் அவன் அம்மா பிரேமலா.

அந்த ஆயிலிலேயே வழுக்கி விழுந்து பிரேமலாவின் வலது மணிக்கட்டு முறிந்தது. சேதி கேட்டு, குளுவாங்கில் கார்ப் பட்டறை வைத்திருக்கும் அவர் தம்பி ஹேமநாதன் புதுக் கேஸ்கெட்டோடு வந்து இறங்கினார்.

"பழையத கிழிக்காம எடுத்து எங்கிட்ட குடுத்துடு தம்பி. சாமி படத்துக்கிட்ட வெச்சுக்கறேன்" என்றார் பிரேமலா.

"வேணாம்டா, கழட்டாத" என்றார் வீரமுத்து.

"அக்கா கை ஒடிஞ்சு நிக்கிது, இன்னும் வேணாமா? தள்ளுங்க மாமா!"

சாவு விழுந்த வீட்டில் எதைப் பேசலாம், எதைப் பேசக்கூடாது என்று தெரியாத வெளியூர்க்காரன் நான். டார்ச் பிடிக்கக் கூப்பிட்டதால் போனேன்.

ஆயிலை வடித்து, போல்ட்டுகளைக் கழற்றி, தொட்டியை இறக்கினார் ஹேமநாதன். கார்க் கேஸ்கெட் முழுசாக வரவில்லை. போல்ட் இருந்த ஒவ்வொரு இடத்திலும் நசுங்கி, பிளந்து, துண்டு துண்டாக வந்தது.

"அலமாக்! இப்படியா முறுக்குவான்? கார்க்குன்னா லேசா பிடிச்சதும் ஸ்பேனர எடுத்துடணும்லா. இதுகூடத் தெரியாமலா போட்டான் மாமா இவன்?"

வீரமுத்து அப்படியே தரையில் உட்கார்ந்தார்.

"அவன் சரியாத்தான் போட்டான்."

ஒரு கார்க் துண்டை எடுத்து விரலில் புரட்டினார்.

"அவன் குளிக்கப் போனப்ப நான்தான் கீழ படுத்து, ஒவ்வொண்ணுக்கும் அரைச் சுத்து கூட வெச்சேன். லூசா விட்டிருப்பானோன்னு. ஃபேக்டரியில எவன் முறுக்கினாலும் மேல நான் ஒரு தரம் முறுக்காம விட்டதில்ல. அதே கை."

கட்டுப் போட்ட கையோடு வாசலில் நின்ற பிரேமலா கேட்டார்: "அந்தப் புதன்கிழம அவன் தரையில சொட்டுனதப் பாத்துட்டு, 'நான்தான் சரியா போடல போலப்பா, ஞாயித்துக்கிழம மாத்திடறேன்'னானே. அப்ப நீங்க என்னங்க சொன்னீங்க?"

"சரின்னேன்."

"அன்னிக்கு ராத்திரி அவன் சாப்பிடக்கூட இல்ல. ஒரு வேல உருப்படியா செய்யத் தெரியல எனக்குன்னு எங்கிட்ட சொல்லிட்டுப் படுத்தான்."

பிரேமலா மெதுவாகக் குனிந்து, இடது கையால் கார்க் துண்டுகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கிக்கொண்டு உள்ளே போனார். ஹேமநாதன் புதுக் கேஸ்கெட்டை வைத்தார். போல்ட்டை முடுக்கும்போது ஸ்பேனர் கிறீச்சிடும் ஒவ்வொரு தடவையும் வீரமுத்துவின் தோள் அதிர்ந்தது.

கார் இப்போது சொட்டுவதில்லை. வெள்ளிக்கிழமை கோயிலுக்கு பிரேமலா அதில் ஏறாமல் பஸ்ஸில் போகிறார். அதே பஸ்ஸில்தான் வீரமுத்துவும் போகிறார். பிரேமலாவின் பக்கத்து இருக்கை காலியாக இருந்தாலும், இரண்டு வரிசை தள்ளிப் பின்னால் உட்கார்ந்துகொள்கிறார்.